விதை மோசமா... நிலம் மோசமா? - சிகாகோ ரசிகர்களின் தீராத டிராஃப்ட் பஞ்சாயத்து!

தங்கள் அணி தோற்ற நாளில் ரசிகர்கள் துள்ளிக் குதிப்பார்களா? 2023 ஜனவரி 8-ம் தேதி, சிகாகோ பேர்ஸ் ரசிகர்கள் குதித்தார்கள்.

அன்று, அமெரிக்கன் ஃபுட்பாலின் உச்ச லீகான என்.எஃப்.எல்-லில் லீக் சுற்றின் கடைசி நாள். சொந்த மைதானத்தில் மினசோட்டா வைக்கிங்ஸிடம் 29-13 எனத் தோற்றது சிகாகோ. 17 ஆட்டங்களில் 14-வது தோல்வி. ஆனால், ரசிகர்களின் கண்ணெல்லாம் இன்னொரு மைதானத்தில் இருந்தது. அங்கே ஹூஸ்டன் டெக்சான்ஸ் அணி, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸிடம் ஏழு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. ஹூஸ்டன் தோற்றால், லீகிலேயே கடைசி இடம் அதற்கு. ஜெயித்தால், கடைசி இடம் சிகாகோவுக்கு.

ஒரு நிமிடம்கூட மீதமில்லாத நேரத்தில் ஹூஸ்டன் ஒரு டச் டவுன் போட்டது. கூடுதலாக இரண்டு புள்ளிகளும் எடுத்து 32-31 என ஜெயித்தது. அந்த வெற்றியால் ஹூஸ்டன் இழந்ததும் சிகாகோ பெற்றதும் ஒன்றே ஒன்றுதான்... அந்த ஆண்டு டிராஃப்ட்டில் முதல் பிக்!

வேடிக்கை அதோடு முடியவில்லை. அன்று ஹூஸ்டனின் பயிற்சியாளராக இருந்த லோவி ஸ்மித், முன்பு ஒன்பது சீசன்கள் சிகாகோவுக்குப் பயிற்சி கொடுத்தவர். பழைய அணிக்குத் தெரியாமலேயே பெரிய சீதனம் கொடுத்துவிட்டுப் போன அவரை, அன்றிரவே வேலையை விட்டு அனுப்பியது ஹூஸ்டன் நிர்வாகம்.

சிகாகோ ரசிகர்களுக்கு அன்று ஆரம்பித்தது ஒரு பஞ்சாயத்து. 'கையில் இருக்கும் வீரரை வைத்துக்கொள்வதா, புதியவரைக் கொண்டுவருவதா, பிக்கை விற்றுவிடுவதா?'

தோற்றவருக்கே முதல் மரியாதை

ஐ.பி.எல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த டிராஃப்ட் கொஞ்சம் விநோதமாக இருக்கும். இங்கே ஏலம் கிடையாது. கல்லூரிகளில் ஆடிவிட்டு வரும் இளைஞர்களை 32 அணிகளும் வரிசையாக, ஆளுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் ஏழு சுற்றுகள். முந்தைய சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. பலவீனமான அணியும் ஒருநாள் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

எந்த ஊருக்குப் போக வேண்டும், எந்தப் பயிற்சியாளரிடம் சேர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்த இளைஞருக்கு இல்லை. பெயர் வாசிக்கப்பட்டால், அந்த ஊர்தான்.

தங்கள் முறையை அணிகள் கைமாற்றிக்கொள்ளலாம். இந்த ஆண்டு முறையை மட்டுமல்ல, அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு முறைகளையும் கொடுத்து வாங்கலாம். இதுதான் 'டிரேட்'. ரசிகர்களின் வாய்க்கு அவல் கிடைப்பது இங்கேதான். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் நடக்கும் வரை, ஆளாளுக்கு 'மாக் டிராஃப்ட்' என்று உத்தேசப் பட்டியல் போடுவார்கள். யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று வேலையிடத்திலும் சாப்பாட்டு மேசையிலும் வாதம் நடக்கும். 2024-ல் டெட்ராய்ட் நகரில் நடந்த டிராஃப்ட்டைப் பார்க்க மூன்று நாள்களில் 7,75,000 பேருக்கு மேல் கூடினார்கள். அங்கே ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. மேடையில் பெயர்கள் வாசிக்கப்பட்டன, அவ்வளவுதான்!

சிகாகோவுக்கும் டிராஃப்ட்டுக்கும் உள்ள உறவு அதன் முதல் நாளிலேயே தொடங்கியது. 1936-ல் நடந்த முதல் டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்வானவர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். தேர்ந்தெடுத்தது ஃபிலடெல்பியா ஈகிள்ஸ். அவர்களிடமிருந்து அவரது உரிமையை டிரேடில் வாங்கியது சிகாகோ பேர்ஸ். ஆனால், சம்பளப் பேச்சு படியவில்லை. பெர்வாங்கர் என்.எஃப்.எல்-லில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். முதல் பிக்கை வாங்கியும் பலன் இல்லாமல் போன முதல் அணி சிகாகோதான்.

ஒரு குவாட்டர்பேக்குக்காக ஏங்கும் ஊர்

இந்த விளையாட்டில் குவாட்டர்பேக்தான் எல்லாம். பந்தை வாங்கி, எதிரணி மேலே வந்து விழுவதற்குள் சில நொடிகளில் யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் அவர்தான். நூறாண்டுகளைத் தாண்டிய பேர்ஸ் அணிக்கு ஓட்டக்காரர்களும் தடுப்பாட்டக்காரர்களும் குறையே இல்லாமல் கிடைத்தார்கள். 1986 ஜனவரியில் நியூ இங்கிலாந்தை 46-10 என நசுக்கி சூப்பர் பௌல் வென்றதும் அந்தத் தடுப்பாட்டத்தால்தான். ஆனால், ஒரே சீசனில் 4,000 யார்டு எறிந்த குவாட்டர்பேக் அந்த அணிக்கு வாய்த்ததே இல்லை. மற்ற அணிகள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒருவராவது கிடைத்துவிட்டார்.

அதனால்தான் 2017-ம் ஆண்டைச் சொன்னாலே சிகாகோ ரசிகர்கள் தலையில் கை வைப்பார்கள். அந்த டிராஃப்ட்டில் மூன்றாவது இடத்தில் இருந்த பேர்ஸ், ஒரே ஒரு படி மேலே ஏறுவதற்காக மூன்று கூடுதல் பிக்குகளை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தது. அப்படி வாங்கிய இரண்டாவது பிக்கில் எடுத்தது, மிட்ச் ட்ரூபிஸ்கியை. அதே டிராஃப்ட்டில் பத்தாவது பிக்கில் கன்சாஸ் சிட்டிக்குப் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ். பிறகு மூன்று சூப்பர் பௌல் வென்றவர். நான்கு சீசன்களோடு ட்ரூபிஸ்கி சிகாகோவை விட்டுக் கிளம்பினார்.

2021-ல் மறுபடியும் அதே கதை. ஓஹியோ ஸ்டேட் கல்லூரியின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்காக, அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக் உட்படப் பலவற்றைக் கொடுத்து 20-வது இடத்திலிருந்து 11-வது இடத்துக்கு ஏறியது பேர்ஸ். ஃபீல்ட்ஸ் ஓடினால் பிடிக்க முடியாது. 2022 நவம்பரில் மயாமிக்கு எதிராக 178 யார்டு ஓடினார். லீக் சுற்று ஆட்டம் ஒன்றில் எந்தக் குவாட்டர்பேக்கும் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. ஊரே அவரைக் கொண்டாடியது. ஆனாலும், அந்த சீசனில் கிடைத்தது மூன்றே வெற்றிகள். அந்தத் தோல்விகளுக்குக் கிடைத்த பரிசுதான் முதல் பிக்.

முதல் பஞ்சாயத்து: விற்றால் எவ்வளவு?

1947-க்குப் பிறகு முதல்முறையாக பேர்ஸ் கையில் முதல் பிக். ரசிகர்கள் மூன்று கட்சிகளாகப் பிரிந்தார்கள். 'ஃபீல்ட்ஸ் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு, பிக்கை விற்றுக் கூட்டாளிகளை வாங்கிக் கொடுங்கள்' என்றது ஒரு கட்சி. 'ஃபீல்ட்ஸ் ஓடுகிறார் சரி, எறிகிறாரா?' என்றது இன்னொரு கட்சி. 'குவாட்டர்பேக்கே வேண்டாம், நல்ல தடுப்பாட்டக்காரரை எடுங்கள்' என்றது மூன்றாவது.

இந்தச் சண்டைக்கு ஒரு கணக்குப் புத்தகமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி, பேரம் பேச வசதியாக ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு மதிப்பெண் போட்டு வைத்தது. அப்போதைய பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் அறியப்படும் அந்த அட்டவணையில் முதல் பிக்குக்கு 3,000, இரண்டாவதுக்கு 2,600, ஒன்பதாவதுக்கு 1,350 மதிப்பெண்கள். இன்று பல அணிகள் தங்களுக்கென்று புதிய அட்டவணைகளை வைத்திருக்கின்றன. ஆனால், ரசிகர்கள் ஒரு டிரேடைத் தராசில் வைத்துப் பார்க்க இன்றும் எடுப்பது இந்தப் பழைய படிக்கல்லைத்தான்.

2023 மார்ச் 10-ம் தேதி பேரம் முடிந்தது. முதல் பிக்கை கரோலினா பாந்தர்ஸ் வாங்கியது. பதிலுக்கு சிகாகோவுக்குக் கிடைத்தவை: அந்த ஆண்டின் 9-வது, 61-வது பிக்குகள், 2024-ன் முதல் சுற்று பிக், 2025-ன் இரண்டாம் சுற்று பிக், கூடவே டி.ஜே.மூர் என்ற முன்னணி பந்து பிடிப்பாளர். பழைய அட்டவணைப்படி 9-வதும் 61-வதும் சேர்ந்தால் 1,642. மீதி 1,358-க்குத்தான் மூரும் எதிர்காலமும்.

அந்த 'எதிர்காலம்' என்ற வரியில்தான் அதிர்ஷ்டம் ஒளிந்திருந்தது. கரோலினா அந்த முதல் பிக்கில் பிரைஸ் யங்கை எடுத்தது. சீசனில் 15 ஆட்டங்கள் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனது. அதன் 2024 முதல் சுற்று பிக்தான் ஏற்கெனவே சிகாகோ கையில் இருக்கிறதே! விற்ற முதல் பிக், ஒரே ஆண்டில் வட்டியோடு திரும்பி வந்தது.

இன்னொரு வேடிக்கை. கடைசி நேரத்தில் ஜெயித்து முதல் பிக்கைக் கோட்டைவிட்ட ஹூஸ்டனைப் பார்த்து அன்று சிரிக்காதவர் இல்லை. இரண்டாவது பிக்கில் அவர்கள் எடுத்தது சி.ஜே.ஸ்ட்ரௌடை. அந்த சீசனின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதை அவர் வாங்கினார். ஹூஸ்டன் பிளே-ஆஃப் போனது.

இரண்டாவது பஞ்சாயத்து: ஃபீல்ட்ஸா, வில்லியம்ஸா?

இந்த முறை தப்பிக்க வழியில்லை. கல்லூரி ஃபுட்பாலின் உயரிய ஹைஸ்மன் விருதை வென்ற கேலப் வில்லியம்ஸ் தயாராக நின்றார். 2023-ன் கடைசி நாளில், சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் அட்லான்டாவை ஜெயித்தபோது, 'ஃபீல்ட்ஸ்தான் வேண்டும்' என்று கூட்டம் கோஷம் போட்டது. நிர்வாகத்தின் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே போட்ட கோஷம் அது.

ஃபீல்ட்ஸ் கட்சியின் வாதம் எளிமையானது. கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையில் இருக்கும் களாக்காய் மேல். பழகிய பையன், அடிபட்டாலும் எழுந்து ஓடுபவன், வாய் திறந்து யாரையும் குறை சொல்லாதவன். பிக்கை மறுபடி விற்றால் இன்னொரு பெரும் சீதனம் கிடைக்கும்.

எதிர்க்கட்சி எடுத்துவைத்தது எண்களை. ஃபீல்ட்ஸ் தொடங்கிய 38 ஆட்டங்களில் வெற்றி 10 மட்டுமே. அதைவிட முக்கியம், சம்பளக் கடிகாரம். டிராஃப்ட்டில் வரும் வீரருக்கு முதல் நான்கு ஆண்டுச் சம்பளம் ஒரு வரையறைக்குள்தான் இருக்கும். 2024-ன் முதல் பிக்குக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே சுமார் 3.9 கோடி டாலர். பெயர் பெற்ற குவாட்டர்பேக்குகளோ அப்போது ஒரே ஆண்டுக்கு 5.5 கோடி டாலர் வரை வாங்கினார்கள். மொத்த அணிக்கும் சம்பள உச்சவரம்பு இருப்பதால், குவாட்டர்பேக் மலிவாக இருக்கும் அந்த நான்கு ஆண்டுகளில்தான் மற்ற இடங்களுக்குச் செலவழிக்க முடியும். ஃபீல்ட்ஸின் கடிகாரத்தில் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. வில்லியம்ஸின் கடிகாரம் அப்போதுதான் தொடங்குகிறது.

2024 மார்ச்சில் ஃபீல்ட்ஸ் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பப்பட்டார். பதிலுக்குக் கிடைத்தது, அடுத்த ஆண்டின் ஓர் ஆறாம் சுற்று பிக். அவர் அதிகம் ஆடினால் அது நான்காம் சுற்றாக உயரும் என்ற நிபந்தனையோடு. அதுவும் நடக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்பு இரண்டு முதல் சுற்று பிக்குகளின் விலைக்கு வந்தவரின் அன்றைய சந்தை மதிப்பு அவ்வளவுதான். ஏப்ரல் 25-ம் தேதி வில்லியம்ஸின் பெயர் வாசிக்கப்பட்டது.

வரவு செலவுக் கணக்கு

டிராஃப்ட் முடிந்த மறுநாளே ஊடகங்கள் ஒவ்வொரு அணிக்கும் மதிப்பெண் போட்டுவிடும். ஆனால், அந்தப் பரீட்சைக்கு உண்மையான ரிசல்ட் வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். 2000-ல் டாம் பிரேடி 199-வது ஆளாகப் போனார். 2022-ல் பிராக் பர்டி 262-வது, அதாவது கடைசி ஆள். டிராஃப்ட் அன்று இருவரைப் பற்றியும் வாதம் செய்தவர்கள் மிகக் குறைவு.

கரோலினா டிரேடின் ரிசல்ட்டும் அப்படித்தான் சிறுகச் சிறுக வந்தது. 2023-ல் மூர் 1,364 யார்டு எடுத்துக் கொடுத்தார். 9-வது பிக்கில் ஒரு படி இறங்கி, டார்னல் ரைட் என்ற தடுப்பு வீரரை எடுத்தார்கள். 61-வது பிக்கைப் பயன்படுத்தி மேலே ஏறி, டைரீக் ஸ்டீவன்சனை எடுத்தார்கள். 2025-ன் இரண்டாம் சுற்று பிக், லூதர் பர்டன் ஆனது. நடுவில் வில்லியம்ஸ். ஒரே பிக்குக்கு ஐந்து ஆட்டக்காரர்கள். காகிதத்தில் பார்த்தால் சிகாகோவுக்கு முழு வெற்றி.

மைதானத்தில்? 2024 அக்டோபர் 27, வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டம். கடைசி நொடியில் வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது போல ஒரு பந்தை எறிந்தார். அந்த நேரத்தில் ஸ்டீவன்சன் பார்வையாளர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். பதறி ஓடிவந்து அவர் தட்டிய பந்து, பின்னால் நின்ற எதிரணி வீரர் கையில் போய் விழுந்தது. 18-15 எனத் தோல்வி. அதையும் சேர்த்து வரிசையாகப் பத்துத் தோல்விகள்.

பஞ்சாயத்து மீண்டும் கூடியது. டேனியல்ஸ், வில்லியம்ஸுக்கு அடுத்ததாக, இரண்டாவது பிக்கில் போனவர். 'அவரை எடுத்திருக்க வேண்டும், இவரை ஏன் எடுத்தார்கள்?' 2017-ல் ட்ரூபிஸ்கி - மஹோம்ஸ் என்று கேட்ட அதே கேள்வி, பெயர் மட்டும் மாறி வந்தது.

யாரும் கேட்காத கேள்வி

ட்ரூபிஸ்கி வந்த 2017 சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸ் நீக்கப்பட்டார். ஃபீல்ட்ஸ் வந்த 2021 சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் மேட் நேகி நீக்கப்பட்டார். ஃபீல்ட்ஸைத் தேர்ந்தெடுத்த ஜெனரல் மேனேஜர் ரயன் பேஸும் அவரோடு போனார். வில்லியம்ஸ் வந்த 2024-ல் சீசன் முடியும் வரைகூடப் பொறுக்கவில்லை. பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளஸ் நவம்பரிலேயே நீக்கப்பட்டார். அந்த அணியின் நெடிய வரலாற்றில் சீசன் நடுவே நீக்கப்பட்ட முதல் தலைமைப் பயிற்சியாளர் அவர்.

மூன்று குவாட்டர்பேக்குகள், மூன்று முதல் சீசன்கள், மூன்று முறையும் வாத்தியார் மாற்றம். ஒருவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை மறந்துவிட்டு, அடுத்தவரின் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டிய நிலை. இதில் வில்லியம்ஸை அந்த முதல் சீசனில் எதிரணியினர் 68 முறை தரையில் சாய்த்தார்கள். முன்னால் நின்று காக்க வேண்டிய தடுப்பு வரிசையின் லட்சணம் அது. 22 வயதுப் பையன் எறியக் கற்றுக்கொள்வதா, விழக் கற்றுக்கொள்வதா?

மஹோம்ஸின் கதையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கன்சாஸ் சிட்டி அவரை முதல் ஆண்டில் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தொடக்கத்திலிருந்து இறக்கியது. அனுபவசாலி அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் கற்றார். ஆண்டி ரீட் என்ற ஒரே பயிற்சியாளர் இன்றுவரை கூடவே இருக்கிறார். 2018-ல் மூன்றாவது பிக்கில் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய், 'தேறாதவர்' என்று முத்திரை குத்தப்பட்ட சாம் டார்னல்ட், 2024-ல் மினசோட்டாவுக்காக 14 ஆட்டங்களை வென்றதும் இதே பாடம்தான். ஆள் மாறவில்லை, வீடு மாறியது.

மஹோம்ஸ் சிகாகோவுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது. ஆனால், எட்டு ஆண்டுகளாக விதையைப் பற்றியே சண்டை போட்ட ரசிகர்கள், நிலத்தைப் பற்றிப் பேசியது குறைவு என்பது மட்டும் நிச்சயம்.

2025-ல் நிர்வாகம் ஒருவழியாக நிலத்தை உழ ஆரம்பித்தது. டெட்ராய்ட் லயன்ஸின் ஆட்ட வியூகங்களை வகுத்த பென் ஜான்சன், புதிய தலைமைப் பயிற்சியாளர் ஆனார். தடுப்பு வரிசைக்காக ஜோ தூனி, ஜோனா ஜாக்சன் ஆகியோரை டிரேடில் வாங்கினார்கள். ட்ரூ டால்மன் ஒப்பந்தத்தில் வந்தார். இவை எதுவும் 'மாக் டிராஃப்ட்' போடுபவர்களைத் துள்ளவைக்கும் பெயர்கள் இல்லை. வாசலில் நின்று அடி வாங்குபவர்களுக்கு யார் போஸ்டர் ஒட்டுவார்கள்?

ஆனால், விளைச்சல் வந்தது. அதே வில்லியம்ஸ் 3,942 யார்டு எறிந்து, 1995-ல் எரிக் கிரேமர் வைத்த அணியின் சாதனையை முறியடித்தார். 4,000-க்கு இன்னும் 58 யார்டு பாக்கி! 11 வெற்றிகளோடு பிரிவில் முதலிடம். பிளே-ஆஃப்பில் பரம வைரி கிரீன் பே பேக்கர்ஸை, பெரிய பின்னடைவிலிருந்து மீண்டு வந்து 31-27 என வீழ்த்தினார்கள்.

இதனால் ஃபீல்ட்ஸ் கட்சி தோற்றது, வில்லியம்ஸ் கட்சி ஜெயித்தது என்று சொல்லிவிட முடியுமா? ஃபீல்ட்ஸுக்கு அந்தப் பயிற்சியாளரும் அந்தத் தடுப்பு வரிசையும் கிடைத்ததே இல்லை. அவர் பிட்ஸ்பர்க் போனார், அங்கிருந்து நியூயார்க் ஜெட்ஸ் போனார். எங்கும் நிலைக்க முடியவில்லை. தன் ஊரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத ஓர் இளைஞருக்கு, வந்து சேர்ந்த ஊர் எப்படி அமைகிறதோ அதுதான் பாதி வாழ்க்கை.

ஒவ்வோர் ஏப்ரலிலும் டிராஃப்ட் வரும், பட்டியல்கள் பறக்கும், 'இவனைக் கொடு, அவனை வாங்கு' என்று பஞ்சாயத்து கூடும். கூடட்டும், ரசிகர்களின் சந்தோஷமே அதில்தான் இருக்கிறது. பட்டியலில் யார் பெயரை முதலில் எழுதுவது என்று சண்டை போடும்போது, இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் நல்லது. வரப்போகிற பையனுக்குப் பாடம் சொல்லப்போகிற வாத்தியார், அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா?